ரிமோட்டில் 18... அறையில் 30!

ஏ.சி. இரவெல்லாம் ஓடியும் வீடு ஏன் குளிரவில்லை? கேஸ் போடுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை

கத்திரி தொடங்கி ஆறாம் நாள். இரவு பதினொன்றே கால் மணி. சென்னையில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி; அதுதான் கடைசி மாடி. ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றன. ஏ.சி. இரைந்துகொண்டிருக்கிறது. ரிமோட்டின் சின்னத் திரையில் 18 என்று தெரிகிறது. ஏ.சி.க்கு நேர் கீழே அப்பா, பனியனைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருக்கிறார். அவருக்கு எழுபத்தெட்டு வயது.

"பதினெட்டுன்னு காட்டுதேப்பா, அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

முந்தைய வாரம்தான் மெக்கானிக் வந்து போயிருந்தார். உள்ளே இருக்கும் காயிலைத் தொட்டுப் பார்த்தார். "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்றார். அரை மணி நேரத்தில் வேலையை முடித்து, மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். எதையும் அளந்து காட்டவில்லை. காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

மறுநாள் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி வந்தேன். நீண்ட ஒயரின் நுனியில் உணரி தொங்கும் சின்னக் கருவி. விலை சில நூறு ரூபாய்தான். கட்டில் மேல் வைத்தபோது 30 டிகிரி காட்டியது. ரிமோட்டில் இருந்த எண்ணுக்கும் அப்பா படுத்திருந்த இடத்துக்கும் நடுவே 12 டிகிரி தூரம். அந்தத் தூரம் எங்கிருந்து வந்தது என்று தேடியதில் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை. இந்தக் கோடையில் உங்கள் வீட்டிலும் இதே கேள்வி எழுந்திருக்கலாம்.

வெப்பத்தைச் சுமக்கும் கூலியாள்

ஏ.சி. குளிரை உண்டாக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது வெப்பத்தை இடம் மாற்றும் இயந்திரம். கிணற்று நீரை மோட்டார் மேலே ஏற்றுவதுபோல, அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. அதனால்தான் பொறியாளர்கள் இதை 'ஹீட் பம்ப்' என்ற குடும்பத்தில் சேர்க்கிறார்கள்.

உள்ளே இருக்கும் காயிலில் திரவமாக வரும் கேஸ், அறைக் காற்றின் வெப்பத்தை வாங்கி ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்திச் சூடேற்றுகிறது. வெளியே இருக்கும் காயிலில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றிடம் விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, திரும்பவும் உள்ளே வருகிறது. இந்தச் சுற்று ஓய்வில்லாமல் நடக்கிறது.

சுமக்கிற வேலைதான் என்பதால், ஒரு பங்கு மின்சாரத்தில் பல பங்கு வெப்பத்தை வெளியேற்ற முடிகிறது. ஏ.சி.யில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் உள்ள ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண் அதைத்தான் சொல்கிறது. அந்த எண் 5 என்றால், பருவம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஐந்து யூனிட் வெப்பம் வெளியே போகிறது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் வாங்கிய மதிப்பெண். நம் வீட்டுச் சுவரில், நம் பால்கனியில் அந்த இயந்திரம் எத்தனை மதிப்பெண் வாங்குகிறது என்பதை லேபிள் சொல்லாது.

▣ டன் என்றால் என்ன எடை?

*ஏ.சி.யின் 'டன்' இயந்திரத்தின் எடையைக் குறிப்பதில்லை. ஒரு அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பமே ஒரு டன். இன்றைய கணக்கில் 3.5 கிலோவாட். 1.5 டன் ஏ.சி. முழு வேகத்தில் சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும்.*

*பனிக்கட்டியால் குளிர்வித்த காலத்தின் பழைய சாட்சி ஒன்று சென்னைக் கடற்கரையிலேயே நிற்கிறது. அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க, ஃபிரெடெரிக் டியூடரின் நிறுவனம் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம்.*

மூன்று வெப்பநிலைகள்

ஒரே அறையில் மூன்று வெப்பநிலைகள் உண்டு. குழப்பமெல்லாம் இவற்றை ஒன்றாக நினைப்பதில்தான் தொடங்குகிறது.

முதலாவது, ரிமோட்டில் தெரிவது. அது நாம் கேட்ட வெப்பநிலை. ஓட்டலில் தோசை ஆர்டர் கொடுத்தோம் என்பதற்காகத் தட்டில் தோசை வந்துவிட்டது என்று ஆகாது. பெரும்பாலான ஏ.சி.களில் ரிமோட்டிலும் முகப்பிலும் ஒளிர்வது இந்த ஆர்டர் மட்டுமே.

இரண்டாவது, ஏ.சி. தானே உணரும் காற்றின் வெப்பநிலை. காற்றை உள்ளிழுக்கும் இடத்தில், ஃபில்டருக்குப் பின்னால், மிளகு அளவில் ஒரு உணரி இருக்கிறது. பெயர் தெர்மிஸ்டர். வெப்பம் கூடக்கூட அதன் மின்தடை குறையும். அது இருப்பதோ கூரைக்குப் பக்கத்தில். சூடான காற்று மேலே தங்கும் என்பதால் ஏ.சி. உணர்வதும் கட்டிலில் படுத்திருப்பவர் உணர்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சர்வீஸின்போது இந்த உணரி இடம் நகர்ந்து குளிர்ந்த காயிலின் மேல் சாய்ந்துவிட்டால், அறை குளிர்ந்துவிட்டதாக நம்பி இயந்திரம் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். உணரியைப் பழையபடி கிளிப்பில் மாட்டினால் போதும். இந்தப் பழுதுக்கும் 'கேஸ் கம்மி' என்று பெயர் வைக்கப்படுவது உண்டு.

மூன்றாவது, சுவரும் கூரையும் வைத்திருக்கும் வெப்பம். கடைசி மாடிக்காரர்களின் தலையாய துன்பம் இதுதான். பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட், நள்ளிரவு வரை அதை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். காற்று 26 டிகிரிக்கு வந்த பிறகும், கூரையிலிருந்து இறங்கும் அனல் உடம்பை நேரடியாகத் தாக்கும். அடுப்பங்கரையில் ஃபேன் ஓடினாலும் அடுப்பின் பக்கம் இருக்கும் கன்னம் மட்டும் சுடுவதுபோலத்தான்.

இவற்றோடு ஈரப்பதமும் சேர்கிறது. கடலோர ஊர்களில் ஏ.சி.யின் உழைப்பில் கணிசமான பங்கு காற்றின் ஈரத்தை நீராக்குவதற்கே போய்விடும். வடிகுழாயில் மணிக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் சொட்டினால், 1.5 டன் ஏ.சி.யின் திறனில் கால் பங்கு ஈரத்துக்குச் செலவாகிவிட்டது என்று கணக்கு. பால்கனிக் கதவைத் திறந்து திறந்து மூடும் வீட்டில் இந்தச் செலவு ஒருபோதும் குறையாது.

"கேஸ் கம்மியா இருக்கு சார்"

கேஸ் என்பது வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருளில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் பொருள். குழாய் சரியாக இருந்தால் பல வருடங்களுக்கு ஒரு கிராம்கூடச் சேர்க்கத் தேவையில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். வருடா வருடம் கோடைக்கு முன் 'டாப்-அப்' செய்துகொள்ளும் வீடுகள் ஒவ்வொரு வருடமும் பணத்தைக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கின்றன.

கசிவு உண்மையிலேயே வருவதும் உண்டு. குழாய்களை இணைக்கும் ஃபிளேர் நட் சரியாக முறுக்கப்படாத இடத்தில் வரும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்று காயிலை அரித்தும் வரும். அப்படிப்பட்ட நிலையில் நல்ல மெக்கானிக் செய்யும் வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நைட்ரஜனை அழுத்தி, சோப்பு நுரையால் கசிவைக் கண்டுபிடிப்பார். அடைப்பார். வாக்யூம் பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார். பிறகு இயந்திரத்தின் பெயர்த் தகட்டில் அச்சிட்டிருக்கும் எடைக்குச் சரியாக, தராசு வைத்துக் கேஸ் நிரப்புவார். இந்த நான்கில் ஒன்றைத் தவிர்த்தாலும் வேலை முழுமையாகாது.

தேவையில்லாமல் கேஸ் ஏற்றுவதும் கெடுதல்தான். அளவுக்கு மேல் போனால் அழுத்தம் கூடி, கம்ப்ரஸர் அதிக மின்சாரம் இழுக்கும்; குளிர்ச்சி குறையும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். பிறகு வந்த மெக்கானிக் கேஸை ஒரு சிலிண்டரில் பிடித்து எடை போட்டபோது, தகட்டில் இருந்த அளவைவிட அதிகமாக இருந்தது. ஆனால் அதுவும் இரண்டாவது பிழைதான். முதல் பிழை பால்கனியில் இருந்தது.

▣ வீட்டிலேயே 20 நிமிடப் பரிசோதனை

*1. ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, உலர்த்தி மாட்டுங்கள். இதைச் செய்யாமல் வேறெதையும் அளக்காதீர்கள்.*

*2. கதவு, ஜன்னல்களைச் சாத்தி, மிகக் குறைந்த வெப்பநிலையும் அதிக ஃபேன் வேகமும் வைத்து 15 நிமிடம் ஓட விடுங்கள்.*

*3. ஏ.சி.யின் மேற்புறம், காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு அளவு. கீழே, காற்று வெளியே வரும் இடத்தில் ஒரு அளவு. வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் பொதுவாக நலம். மிகவும் புழுக்கமான நாளில் சற்றுக் குறையலாம். இன்வர்ட்டர் ஏ.சி. வேகம் குறைந்து ஓடும்போதும் குறையும், அது பழுதில்லை.*

*4. வெளியே உள்ள யூனிட்டின் பின்பக்கம், காற்றை உள்ளிழுக்கும் இடத்தில் அளந்து பாருங்கள். தெருக் காற்றைவிட அங்கே பல டிகிரி அதிகம் என்றால், இயந்திரம் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறது. எட்டாத இடத்தில் இருந்தால் நீங்கள் முயல வேண்டாம்.*

*5. வெளி யூனிட்டில் சேரும் மெல்லிய குழாயில் வெண்பனி படிந்து, தடித்த குழாய் குளிராமல் இருந்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு.*

*6. அகச்சிவப்புத் துப்பாக்கி வெப்பமானி, பரப்பின் வெப்பத்தையே காட்டும். காற்றின் வெப்பத்தைக் காட்டாது. பளபளக்கும் செம்புக் குழாயில் அது தவறான எண்ணைத் தரும்.*

*7. மின்சாரத்தையும் அளக்கலாம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மின்மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கை ஒரு நிமிடம் எண்ணுங்கள். மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று குறித்திருந்து, நிமிடத்துக்கு 80 முறை சிமிட்டினால், ஏ.சி. 1.5 கிலோவாட் இழுக்கிறது.*

பால்கனியில் கிடைத்த விடை

எங்கள் ஏ.சி.யில் உள்ளே போன காற்று 30, வெளியே வந்தது 24. ஆறு டிகிரிதான் வித்தியாசம். ஃபில்டர் சுத்தமாக இருந்தது. உணரி அதன் இடத்தில் இருந்தது. கையில் வெப்பமானியோடு பால்கனிக்குப் போனேன்.

புறா வராமலிருக்க வலை கட்டியிருந்தோம். மேற்கு வெயில் உறைக்கிறது என்று வலையின் மேல் பச்சைத் துணியையும் இறக்கிவிட்டிருந்தோம். அதற்குள்ளே, சுவரோரம், வெளி யூனிட். அதன் முன்னால் துணி காயப்போடும் ஸ்டாண்ட். யூனிட்டின் முதுகுக்குப் பின்னால் உணரியைத் தொங்கவிட்டேன். எண்கள் ஏறிக்கொண்டே போய் 43-இல் நின்றன. பச்சைத் துணிக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தபோது 33. சென்னையில் இரவு ஒன்பது மணிக்கு, எங்கள் ஏ.சி. மட்டும் பட்டப்பகல் அனலில் நின்று வேலை செய்துகொண்டிருந்தது.

சுமக்கிற ஆள் மூட்டையை இறக்க இடம் வேண்டும். வெளிக்காற்று எவ்வளவு சூடோ, அவ்வளவு மேலே ஏறித்தான் வெப்பத்தை இறக்க முடியும். வெயிலிலிருந்து இயந்திரத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, அதன் மூச்சை நாங்களே அடைத்திருந்தோம்.

துணியைச் சுருட்டிக் கட்டினேன். ஸ்டாண்டை நகர்த்தினேன். இருபது நிமிடத்தில் வெளிவரும் காற்று 21-க்கு வந்தது. சில நாள் கழித்துக் கூடுதல் கேஸை எடுத்த பிறகு 19. அன்றிரவு அப்பா விசிறியை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனார்.

இன்றைய புதிய அடுக்ககங்களில் இந்தப் பிழையைக் கட்டடமே செய்துவிடுகிறது. முகப்பு அழகுக்காக வெளி யூனிட்களைக் குறுகிய சந்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முன்னால் பலகைத் தடுப்பு வைக்கிறார்கள். கீழ் வீட்டின் வெப்பம் மேல் வீட்டின் யூனிட்டுக்குள் போகிறது. மேல் மாடிக்காரர் ஏ.சி.யை மாற்றிக்கொண்டே இருப்பார், சந்து மாறாது.

யார் கொடுக்கும் விலை?

மூச்சடைத்த ஏ.சி. முதலில் மின்கட்டணத்தில் தெரியும். சராசரியாக 1 கிலோவாட் இழுக்க வேண்டிய இயந்திரம், அறை குளிராததால் நிற்காமல் 1.6 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் கூடுதல் செலவு 4.8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 288 யூனிட். தமிழ்நாட்டின் வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கடைசி யூனிட்களின் விலை மட்டுமல்ல, கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் மாறிவிடும். பழுதான ஒரு ஏ.சி. ஒரு நடுத்தரக் குடும்பத்தை அந்தக் கோட்டைத் தாண்ட வைத்துவிடும்.

அடுத்த விலையை ஊரே கொடுக்கிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 2019-இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், நாட்டின் குளிர்விப்புத் தேவை 2037-38-க்குள் ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்று கணித்தது. ஒவ்வொரு வீட்டிலும் வீணாகும் அரை கிலோவாட்டைச் சேர்த்துப் பார்த்தால், அது ஒரு மின்நிலையத்தின் உழைப்பு. அந்த வெப்பமெல்லாம் தெருவில்தான் இறங்குகிறது. ஏ.சி. இல்லாமல் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுப்பவர்தான் அதை வாங்கிக்கொள்கிறார். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கும் காலம் இது.

காற்றில் விடப்படும் கேஸ் இன்னொரு கணக்கு. இப்போது பரவலாக உள்ள ஆர்-32 வாயு ஒரு கிலோ கசிந்தால், 675 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். பழைய ஆர்-22, ஆர்-410ஏ வகைகளில் இது 1,800-க்கும் 2,000-க்கும் மேலே. இவற்றில் ஆர்-32, ஆர்-410ஏ போன்ற வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி ஒப்பந்தத் திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. ஒப்பந்தம் தாளில் இருக்கிறது. வால்வைத் திறந்து கேஸைக் காற்றில் விடும் கை நம் மாடியில் இருக்கிறது.

அந்தக் கைக்கு உரியவரையும் மறக்கக் கூடாது. மூன்றாம் மாடிச் சன்ஷேடில், இடுப்பில் கயிறுகூட இல்லாமல் நின்று வேலை செய்யும் மெக்கானிக்குகளைக் கோடை முழுக்கப் பார்க்கிறோம். கசிவைச் சோதிக்க நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனை ஏற்றினால், உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். ஆர்-32 தீப்பற்றக்கூடிய வாயு. நாளுக்கு எட்டு வீடு முடிக்க வேண்டிய அவசரத்தில் முறையான வேலை எங்கே நடக்கும்? குறைந்த கூலிக்குப் பேரம் பேசி, அரை மணியில் முடிக்கச் சொல்லும் நமக்கும் இதில் பங்கு இருக்கிறது.

▣ பனி கொட்டும் ஊரில் இதே இயந்திரம்

*லண்டன், டொராண்டோ, ஓஸ்லோ போன்ற ஊர்களில் வாழும் தமிழர் வீடுகளில் இதே இயந்திரம் திசை மாற்றி ஓடுகிறது. வெளியே உள்ள குளிர்ந்த காற்றிலிருந்தும் வெப்பத்தை அள்ளி வீட்டுக்குள் கொண்டுவருகிறது. நார்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு அரசு 7,500 பவுண்டு வரை மானியம் தருகிறது.*

*அங்கே வரும் சந்தேகங்கள் வேறு. வெளி யூனிட்டிலிருந்து புகைபோல ஆவி எழுந்தால் பயப்பட வேண்டாம். காயிலில் படிந்த உறைபனியை இயந்திரமே உருக்குகிறது. காற்று வெதுவெதுப்பாக மட்டும் வருவதும் பழுதில்லை. கேஸ் உலைபோல அனல் வீசாமல், நீண்ட நேரம் மெதுவாகச் சூடாக்குவதே இதன் இயல்பு. நீரைச் சூடாக்கி ரேடியேட்டருக்கு அனுப்பும் வகையில், அந்த நீரை 55 டிகிரியிலிருந்து 45-க்குக் குறைக்க முடிந்தால் மின்செலவு குறையும்.*

கூரையிலிருந்து தொடங்குவோம்

இயந்திரத்தைச் சரிசெய்த பிறகும் கடைசி மாடியின் கூரை மிச்சமிருக்கிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மெத்தை போட்டு, அதன்மேல் தட்டு ஓடு பதித்த நம் ஊர் மொட்டை மாடிகள் காரணத்தோடு கட்டப்பட்டவை. இன்று வெறும் கான்கிரீட்டோடு நிற்கும் மாடிகளில் வெள்ளை ஓடு பதிக்கலாம். வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். மேற்கு ஜன்னலுக்கு வெளியே நிழல் கொடுக்கலாம். ஜன்னலுக்கு நிழல் நல்லது. வெளி யூனிட்டுக்குத் திறந்த காற்று முக்கியம்.

பிறகு ரிமோட். 2020 ஜனவரி முதல் நட்சத்திர லேபிள் உள்ள ஏ.சி.கள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டு வருகின்றன. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். 18 வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. அறை சூடாக இருக்கும்போது 24 வைத்தாலும் இயந்திரம் முழு மூச்சாகத்தான் ஓடும். 26 வைத்து, கூடவே கூரை ஃபேனை மெதுவாக ஓடவிட்டால், அப்பா வயதுக்காரர்களுக்கும் இதமாகவே இருக்கும்.

அடுத்த முறை ஏ.சி. குளிரவில்லை என்று மெக்கானிக்கை அழைக்கும் முன் ஃபில்டரைக் கழுவுங்கள், வெளி யூனிட்டின் முன்னும் பின்னும் இருப்பதை அகற்றுங்கள், இரண்டு இடத்தில் வெப்பநிலையை அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். வந்தவரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள். "கேஸ் கம்மி" என்று அவர் சொன்னால், "எங்கே கசியுது, காட்டுங்கண்ணே" என்று மரியாதையாகக் கேளுங்கள். நைட்ரஜனும் வாக்யூமும் தராசும் கொண்டுவந்து முறையாக வேலை செய்பவருக்கு, அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.